பாற்பல் பற்கூழ் சிகிச்சை

பாற்பல் பற்கூழ் சிகிச்சை என்பது, குழந்தைகளின் பாற்பற்களில் தோன்றும் சொத்தை ஆழமாகப் பரவிப் பல்லின் உள்ளே இருக்கும் பற்கூழை நெருங்கிய நிலையிலோ, அதனைத் தாக்கிய நிலையிலோ, அப்பல்லைப் பிடுங்காமல் அது இயல்பாக விழும் காலம் வரை வாயில் காத்து வைப்பதற்காகச் செய்யப்படும் சிகிச்சைகளின் பொதுப்பெயர் ஆகும். பேச்சுவழக்கில் இது "பால் பல்லுக்கு ரூட் கெனால்" எனப்படுகின்றது. எனினும் வளர்ந்தோரின் நிலைத்த பற்களுக்குச் செய்யப்படும் வேர் சிகிச்சையில் இருந்து இது நோக்கத்திலும், முறையிலும், பயன்படும் மருந்துகளிலும் வேறுபட்டது.

உலக நலவாழ்வு அமைப்பு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 51.4 கோடிக் குழந்தைகளுக்குப் பாற்பற்களில் சொத்தை உள்ளது. இந்தியாவில் இந்தியப் பல் மருத்துவக் குழுமம் 2002–03 காலத்தில் நடத்திய தேசிய ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளுள் 51.9 விழுக்காட்டினருக்குச் சொத்தைப்பல் இருந்தது கண்டறியப்பட்டது. அதாவது, பள்ளியில் சேரும் வயதில் இருவரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது.

பாற்பற்களின் அமைப்பு

மனிதர்க்குப் பாற்பற்கள் 20 ஆகும். ஒவ்வொரு தாடையிலும் 4 வெட்டுப்பற்கள், 2 கோரைப்பற்கள், 4 கடைவாய்ப்பற்கள் என அவை அமைந்துள்ளன. முதற்பல் பெரும்பாலும் 6 முதல் 10 மாதங்களுக்குள் கீழ்த்தாடையில் முளைக்கின்றது. ஏறத்தாழ மூன்று வயதிற்குள் 20 பற்களும் முளைத்து விடுகின்றன.

ஒரு பல்லின் வெளிப்புறத்தில் எனாமல் எனப்படும் கடினமான பற்சிப்பி உள்ளது. அதன் உள்ளே டென்டைன் எனப்படும் தந்தினி உள்ளது. தந்தினியின் நடுவே அமைந்த அறையில் நரம்பும் குருதிக் குழாய்களும் நிறைந்த மென்மையான பற்கூழ் உள்ளது. இக்கூழ் வேர்களுக்குள் மெல்லிய கால்வாய்களாக இறங்கி, வேர் நுனி வழியே தாடை எலும்புடன் தொடர்பு கொள்கின்றது.

பாற்பல் என்பது நிலைத்த பல்லின் சிறிய வடிவம் மட்டும் அன்று. இரண்டிற்கும் இடையே சிகிச்சையைப் பாதிக்கும் பின்வரும் வேறுபாடுகள் உள்ளன.

* பாற்பல்லின் பற்சிப்பி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்பே கொண்டது. இது நிலைத்த பல்லினதில் ஏறத்தாழப் பாதி ஆகும்.
* பல்லின் அளவோடு ஒப்பிடுகையில் பற்கூழ் அறை பெரியது. அதன் கொம்பு போன்ற முனைகள் மேற்பரப்புக்கு அருகில் வரை நீண்டிருக்கும். எனவே வெளியே சிறு குழியாகத் தெரியும் சொத்தை உள்ளே பற்கூழை எட்டியிருக்கக் கூடும்.
* கடைவாய்ப் பாற்பற்களின் வேர்கள் மெலிந்து, வெளிப்புறமாக விரிந்து வளைந்திருக்கும். அவ்விரிந்த வேர்களுக்கு நடுவிலேயே, பின்னர் முளைக்க வேண்டிய நிலைத்த பல்லின் கரு வளர்ந்து கொண்டிருக்கும்.
* நிலைத்த பல் மேலெழும்போது பாற்பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைந்து மறைகின்றது. இவ்வாறு வேர் கரைந்த பின்னரே பாற்பல் ஆடி விழுகின்றது.

"விழும் பல் தானே" என்னும் கருத்து

பாற்பல் எப்படியும் விழுந்து விடும், ஆகவே அதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை என்னும் கருத்து மக்களிடையே பரவலாக உள்ளது. விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரை மேல் எறியும் வழக்கமுள்ள தமிழ்நாட்டில், பாற்பல் விழுவது மகிழ்ச்சிக்குரிய நிகழ்வாகவே கருதப்படுகின்றது. வெட்டுப்பற்களைப் பொறுத்தவரை அவை 6 முதல் 8 வயதிற்குள் விழுவதால் காத்திருக்கும் காலம் குறைவு. ஆனால் கடைவாய்ப் பாற்பற்களின் நிலை வேறு. இரண்டாம் கடைவாய்ப் பாற்பல் இரண்டு வயதிற்குப் பிறகு முளைத்து, 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டும். நான்கு வயதில் அது கெட்டுப் போனால், விழுவதற்கு இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் உள்ளன.

இக்காலத்தில் அப்பல் செய்ய வேண்டிய பணிகள் பல. உணவை மெல்லுதல், சொற்களைத் தெளிவாக ஒலிக்க உதவுதல், தாடை எலும்பின் வளர்ச்சிக்குத் துணை நிற்றல் ஆகியவற்றோடு, தனக்குக் கீழே வளரும் நிலைத்த பல்லுக்கு உரிய இடத்தைக் காத்தலும் அதன் பணி ஆகும். ஏறத்தாழ 6 வயதில் முதல் நிலைத்த கடைவாய்ப்பல், எந்தப் பாற்பல்லும் விழாமலேயே, பாற்பல் வரிசைக்குப் பின்னால் முளைக்கின்றது. முன்னால் இருக்க வேண்டிய பாற்பல் முன்னதாகவே பிடுங்கப்பட்டிருந்தால், இப்புதிய பல் முன்னோக்கிச் சாய்ந்து காலி இடத்தைப் பிடித்துக் கொள்ளும். பின்னர் முளைக்கும் முன்கடைவாய்ப்பல் இடமின்றிக் கோணலாகவோ, எலும்புக்குள்ளேயே சிக்கியோ நின்று விடலாம்.

கெட்ட பல்லை அப்படியே விட்டு விடுவதாலும் தீங்கு உண்டு. பாற்பல்லின் வேரடியில் நீண்ட நாள் இருக்கும் சீழ், அருகில் உருவாகிக் கொண்டிருக்கும் நிலைத்த பல்லின் பற்சிப்பியைக் குலைக்கக் கூடும். அவ்வாறு பழுதுபட்ட பல் மஞ்சள் அல்லது பழுப்புக் கறையுடனும் குழிகளுடனும் முளைக்கின்றது. இது டர்னர் பல் எனப்படுகின்றது. ஆகவே "விழும் பல்" எனக் கைவிடப்பட்ட பல்லின் விளைவு, விழாத பல்லில் வாழ்நாள் முழுவதும் தங்கி விடலாம்.

சொத்தை பற்கூழை அடையும் விதம்

சொத்தைக்குக் காரணம் பல்லுக்குள் நெளியும் புழு என்னும் நம்பிக்கை மிகப் பழமையானது. பண்டைய பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இதற்குச் சான்று உண்டு. பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட தம் நூலில் இக்கருத்தை மறுத்தார். மாவுப்பொருளையும் சர்க்கரையையும் நுண்ணுயிரிகள் அமிலமாக மாற்றுவதாலேயே பல் அரிக்கப்படுகின்றது என்பதை டபிள்யூ. டி. மில்லர் 1890இல் விளக்கினார். இதில் பெரும்பங்கு கொண்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் நுண்ணுயிரியை 1924இல் கிளார்க் என்பவர் விவரித்தார். இருப்பினும் "பல் பூச்சி எடுத்தல்" என்ற பெயரில் ஏமாற்று வேலை செய்வோர் இன்றும் ஆங்காங்கே உள்ளனர். பல்லில் இருந்து அவர்கள் எடுத்துக் காட்டும் புழு, அவர்களே கொண்டு வந்ததாகும்.

இனிப்பு உண்ட சில நிமிடங்களில் பல்லின் மேற்பரப்பில் உள்ள படலத்தின் காரகாடித்தன்மைச் சுட்டெண் 5.5க்குக் கீழே இறங்குகின்றது. அப்போது பற்சிப்பியில் உள்ள சுண்ணச்சத்து கரையத் தொடங்குகின்றது. உமிழ்நீர் இந்த அமிலத்தைச் சமன் செய்ய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகின்றது. அதற்குள் மீண்டும் இனிப்பு உண்டால் பல் இழந்த சத்தை மீட்க நேரம் கிடைப்பதில்லை. ஆகவே உண்ணும் இனிப்பின் அளவை விட, எத்தனை முறை உண்ணப்படுகின்றது என்பதே முக்கியமானது.

பற்சிப்பியைக் கடந்த சொத்தை தந்தினியில் விரைவாகப் பரவுகின்றது. தந்தினியில் உள்ள நுண்குழல்கள் வழியே நுண்ணுயிரிகளின் நச்சுப்பொருள்கள் பற்கூழை அடைந்து அழற்சியை உண்டாக்குகின்றன. உடலின் பிற பகுதிகளில் அழற்சி ஏற்பட்டால் அவ்விடம் வீங்குகின்றது. ஆனால் பற்கூழைச் சுற்றிலும் கடினச் சுவர் இருப்பதால் வீங்க இடமில்லை. உள்ளே அழுத்தம் கூடி, குருதி ஓட்டம் தடைப்பட்டு, பற்கூழ் இறந்து அழுகுகின்றது. கடைவாய்ப் பாற்பற்களின் பற்கூழ் அறைத் தரையில் நுண்ணிய துணைக் கால்வாய்கள் உள்ளதால், சீழ் பெரும்பாலும் வேர்கள் பிரியும் இடத்தில் வெளிப்பட்டு, ஈற்றில் ஒரு கொப்புளமாகத் தோன்றுகின்றது.

அறிகுறிகள்

பற்கூழின் நிலையை அறிய வலியின் தன்மை பெரிதும் உதவுகின்றது.

* இனிப்போ குளிர்ந்த பொருளோ பட்டவுடன் கூச்சம் ஏற்பட்டு, அதை நீக்கியதும் மறைந்தால், பற்கூழ் இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கலாம்.
* காரணமின்றித் தானாகவே வரும் வலி, நெடுநேரம் நீடிக்கும் வலி, தூக்கத்தில் இருந்து குழந்தையை எழுப்பும் வலி ஆகியன பற்கூழ் மீள முடியாத அழற்சியை அடைந்து விட்டதைக் காட்டுகின்றன.
* ஈற்றில் கொப்புளம், பல் ஆட்டம், பல் நிறம் மாறுதல், முகத்தில் வீக்கம் ஆகியன பற்கூழ் இறந்து தொற்று எலும்பை அடைந்ததன் அடையாளங்கள் ஆகும்.

இங்கு பெற்றோர் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில நாட்கள் அழுத குழந்தை திடீரென அழுகையை நிறுத்தி விடும். பற்கூழ் இறந்ததால் வலி உணர நரம்பு இல்லை என்பதோ, சீழ் கொப்புளம் வழியே வெளியேறி அழுத்தம் குறைந்தது என்பதோ அதன் காரணமாக இருக்கலாம். வலி நின்றது நோய் தீர்ந்ததாகப் பொருள்படாது.

சிறு குழந்தைகள் பல்வலி எனச் சொல்லத் தெரியாமல் இருப்பர். ஒரு பக்கமாகவே மெல்லுதல், கடினமான உணவை ஒதுக்குதல், உணவைக் கன்னத்தில் அடக்கி வைத்தல், இரவில் விழித்து அழுதல், பல் துலக்க மறுத்தல் ஆகியவற்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

சிகிச்சை முறைகள்

மருத்துவர் முதலில் நோய் வரலாற்றைக் கேட்டு, வாயைச் சோதித்து, ஊடுகதிர்ப் படம் எடுக்கின்றார். சொத்தையின் ஆழம், வேர்களுக்கு இடையே எலும்பு கரைந்துள்ளதா என்பது, பாற்பல் வேர் எவ்வளவு எஞ்சியுள்ளது, கீழே உள்ள நிலைத்த பல் எவ்வளவு வளர்ந்துள்ளது என்பன படத்தில் தெரியும். இவற்றைக் கொண்டு கீழ்க்காணும் முறைகளில் ஒன்று தெரிவு செய்யப்படுகின்றது.

மறைமுகப் பற்கூழ் சிகிச்சை

சொத்தை ஆழமாக இருந்தும் பற்கூழ் நலமாக உள்ள பல்லுக்கு இது உரியது. ஓரங்களில் உள்ள சொத்தை முழுமையாக நீக்கப்படுகின்றது. பற்கூழுக்கு மிக அருகில் உள்ள மெல்லிய சொத்தைப் படிவம் மட்டும், பற்கூழ் திறந்து விடாதபடி அப்படியே விடப்பட்டு, அதன் மேல் மருந்துப் பூச்சு இட்டுக் காற்றோ நீரோ புகாதவாறு பல் அடைக்கப்படுகின்றது. உணவு கிடைக்காத நுண்ணுயிரிகள் செயலிழக்கின்றன. பற்கூழும் தன் பங்கிற்குப் புதிய தந்தினியை உருவாக்கிக் கொள்கின்றது. சொத்தையை உள்ளே விட்டு அடைப்பது தவறு என்று முன்னர் கருதப்பட்டது. இக்காலத்தில் இது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையாகும்.

பகுதிப் பற்கூழ் நீக்கம்

பல்பாட்டமி என மருத்துவர்கள் கூறும் இம்முறை, தொற்று பல்லின் மேற்பகுதிப் பற்கூழோடு நின்று, வேர்களில் உள்ள பற்கூழ் நலமாக இருக்கும்போது செய்யப்படுகின்றது. பல்லை மரத்துப் போகச் செய்து, உமிழ்நீர் படாதவாறு ரப்பர் திரை ஒன்றைப் பல்லைச் சுற்றிப் பொருத்துகின்றனர். சொத்தையை அகற்றி, பற்கூழ் அறையின் கூரையைத் திறந்து, அறையில் உள்ள கூழை மட்டும் நீக்குகின்றனர். பின்னர் ஈரப் பஞ்சை வைத்துச் சில நிமிடங்கள் அழுத்துகின்றனர்.

இச்சிறு இடைவேளையே சிகிச்சையின் திருப்புமுனை ஆகும். ஏறத்தாழ 5 நிமிடங்களுக்குள் குருதிக்கசிவு நின்றால், வேரில் உள்ள கூழ் நலமாக உள்ளது எனக் கொள்ளலாம். கருஞ்சிவப்புக் குருதி நிற்காமல் கசிந்து கொண்டே இருந்தால், அழற்சி வேருக்குள்ளும் இறங்கி விட்டது என்பது பொருள். அப்போது அடுத்த முறைக்குச் செல்ல வேண்டியிருக்கும். கசிவு நின்ற பின் மருந்திட்டு, அறையை நிரப்பி, பல்லின் மேல் உறை பொருத்தப்படுகின்றது.

முழுப் பற்கூழ் நீக்கம்

பல்பெக்டமி எனப்படும் இம்முறை, வேர்களில் உள்ள பற்கூழும் மீள முடியாத அழற்சி அடைந்த அல்லது இறந்து விட்ட பற்களுக்கு உரியது. நுண்ணிய அரங்களால் வேர்க்கால்வாய்கள் சுத்தம் செய்யப்பட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட்டு போன்ற கரைசலால் கழுவப்படுகின்றன. கீழே உள்ள நிலைத்த பல்லின் கருவைத் தீண்டாதிருக்க, அரம் வேர் நுனிக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் முன்னதாகவே நிறுத்தப்படுகின்றது. தொற்றின் அளவைப் பொறுத்து இது ஒரே அமர்விலோ, இரண்டு மூன்று அமர்வுகளிலோ முடிகின்றது.

வளர்ந்தோரின் வேர் சிகிச்சையில் கால்வாய்களை நிரப்பப் பயன்படும் கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருள் இங்குப் பயன்படுத்தப்படுவதில்லை. அது உடலில் கரையாது. பாற்பல்லின் வேர் கரையும்போது அதனுடன் சேர்ந்து கரையாத பொருள் உள்ளே இருந்தால், மேலெழும் நிலைத்த பல்லுக்கு அது தடையாகும். எனவே துத்தநாக ஆக்சைடும் யூஜினாலும் சேர்ந்த பசை, கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடோஃபார்மும் சேர்ந்த பசை போன்ற கரையும் பொருள்களே நிரப்பப்படுகின்றன. இவற்றுள் முன்னது வேரை விட மெதுவாகவும், பின்னது விரைவாகவும் கரையும் இயல்புடையன.

எஃகு உறை

பற்கூழ் சிகிச்சை செய்த கடைவாய்ப் பாற்பல் எளிதில் உடையக் கூடியது. அதன் மேல் துருவேறா எஃகினால் ஆன ஆயத்த உறை பொருத்தப்படுகின்றது. இதனைப் பொதுமக்கள் "கேப்" என்பர். இவ்வுறை 1950ஆம் ஆண்டு முதல் குழந்தைகள் பல் மருத்துவத்தில் பயன்பாட்டில் உள்ளது. சிகிச்சை நீடித்து நிற்பதற்கு உள்ளே இடும் மருந்தைப் போலவே, மேலே நீர் புகாமல் மூடும் இவ்வுறையும் காரணமாகும். பாற்பல் விழும்போது உறையும் அதனுடன் விழுந்து விடும்.

ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹால், சொத்தையை அகற்றாமலும், மரப்பு ஊசி போடாமலும் இவ்வுறையைப் பல்லின் மேல் அழுத்திப் பொருத்திச் சிகிச்சை அளித்து வந்தார். அவரது பதிவேடுகளின் அடிப்படையிலான ஆய்வு 2006இல் வெளியானது. பற்கூழ் நலமாக உள்ள பற்களுக்கு மட்டுமே இம்முறை பொருந்தும்.

பல் பிடுங்குதல்

எல்லாப் பாற்பற்களையும் காப்பாற்ற முயல்வது சரியன்று. உறை பொருத்தக்கூடப் போதிய பகுதி எஞ்சாத பல், அறைத் தரை துளைபட்ட பல், வேர் பெருமளவு கரைந்து விட்ட பல், விரைவில் விழவுள்ள பல் ஆகியவற்றைப் பிடுங்குவதே முறை. பிறவி இதயக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகளுக்கும் தொற்றுள்ள பாற்பல்லை வைத்திருப்பது ஆபத்தானது. குருதி வழியே நுண்ணுயிரிகள் இதய உட்சவ்வைத் தாக்கக் கூடும். எனவே குழந்தைக்கு இதய நோய் இருப்பின் பெற்றோர் அதனை முன்கூட்டியே பல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கடைவாய்ப் பாற்பல் முன்னதாகப் பிடுங்கப்பட்டால், பக்கத்துப் பல்லில் வளையமும் கம்பியும் கொண்ட இடங்காக்கும் கருவி பொருத்தப்படுகின்றது. நிலைத்த பல் முளைக்கத் தொடங்கியதும் அது நீக்கப்படும்.

மருந்துகளின் வரலாறு

பகுதிப் பற்கூழ் நீக்கத்தில் நெடுங்காலம் பயன்பட்டது ஃபார்மோகிரசால் என்னும் கரைசல் ஆகும். அமெரிக்காவில் பக்லி 1904இல் இதனை அறிமுகப்படுத்தினார். 1930களில் ஸ்வீட் இதனைப் பாற்பற்களில் பயன்படுத்தும் முறையை வகுத்தார். இதில் உள்ள ஃபார்மால்டிகைடு, எஞ்சிய பற்கூழைப் பதப்படுத்துகின்றது. 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிகைடை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. சிகிச்சையில் பயன்படும் அளவு மிகச் சிறிது எனினும், மாற்று மருந்துகளின் பயன்பாடு இதன் பின்னர் பெருகியது.

அம்மாற்றுகளுள் சிறந்ததாகக் கருதப்படுவது எம்.டி.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கனிமக் கலவை ஆகும். கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மகமூத் டோரபிநெஜாத் 1990களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினார். இதன் அடிப்படை, கட்டடம் கட்டப் பயன்படும் போர்ட்லாந்து சிமெண்டின் தூய வடிவமே ஆகும். ஊடுகதிர்ப் படத்தில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு சேர்க்கப்படுகின்றது. சிமெண்டைப் போலவே ஈரத்தில் இறுகும் தன்மை உடையதால், எப்போதும் ஈரமாக உள்ள வாய்க்கு இது ஏற்றது. பற்கூழைப் பதப்படுத்தி மரணிக்கச் செய்யாமல், அது உயிரோடு இருந்து தன்னை மூடிக் கொள்ளத் தூண்டுவது இதன் சிறப்பு. விலை மிகுதி என்பதும், பல்லைக் கருக்கச் செய்யலாம் என்பதும் இதன் குறைகள். இதே கால்சியம் சிலிக்கேட்டு வகையில் விரைவாக இறுகும் பொருள்கள் பின்னர் வந்துள்ளன.

சப்பான் நாட்டின் நீகாத்தா பல்கலைக்கழகத்தில், மூன்று நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கலந்து தொற்றுள்ள பல்லினுள் வைக்கும் முறை உருவாக்கப்பட்டது. வேர்க்கால்வாய்களை அரத்தால் சுத்தம் செய்ய இயலாத பற்களுக்கு இது சில இடங்களில் பயன்படுத்தப்படுகின்றது.

குழந்தையை அணுகும் முறை

அழும் குழந்தையின் வாயில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்ய முடியாது. எனவே குழந்தையின் ஒத்துழைப்பைப் பெறுவது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்படுகின்றது. ஒவ்வொரு கருவியையும் குழந்தைக்குப் புரியும் சொல்லில் விளக்கி, கையில் தொட்டுக் காட்டி, அதன் பின்னரே வாயில் பயன்படுத்தும் "சொல், காட்டு, செய்" முறை 1959 முதல் அறியப்பட்டது. மிகச் சிறிய குழந்தைகளுக்கும், பல பற்களுக்கு ஒரே நேரத்தில் சிகிச்சை தேவைப்படுவோருக்கும் மருத்துவமனையில் முழு மயக்க நிலையில் சிகிச்சை அளிக்கப்படுவதும் உண்டு.

"சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் ஊசி போடச் சொல்வேன்" என வீட்டில் அச்சுறுத்துவது இவ்வொத்துழைப்பைக் கெடுக்கும். மரப்பு ஊசி போட்ட பின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குழந்தை உணர்வற்ற உதட்டையோ கன்னத்தையோ கடித்துப் புண்ணாக்கிக் கொள்ளாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

அவசர நிலையும் வீட்டு வைத்தியமும்

பல்லில் தொடங்கும் தொற்று உயிருக்கு ஆபத்தாகவும் மாறலாம். காய்ச்சலுடன் முகம் வீங்குதல், வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்குக் கீழோ பரவுதல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்க முடியாமல் உமிழ்நீர் ஒழுகுதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பல்வலிக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பயன் தராது. இறந்த பற்கூழுக்குள் குருதி ஓட்டம் இல்லாததால் மருந்து அங்குச் சென்று சேர்வதில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துச் சிகிச்சையைத் தள்ளிப் போடுவது, அடங்கிய தொற்று மீண்டும் கிளம்பவே வழி செய்யும். ஆஸ்பிரின் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதும், ஈற்றில் வைப்பதும் கூடாது. உட்கொண்டால் ரை நோய்க்குறி என்னும் அரிய, கடுமையான பாதிப்பும், ஈற்றில் வைத்தால் புண்ணும் உண்டாகலாம். கிராம்பு எண்ணெயும் குழந்தைகளின் மென்மையான ஈற்றைப் புண்ணாக்கக் கூடியது. மருத்துவரை அடையும் வரை, குழந்தையின் எடைக்கேற்ற அளவில் மருத்துவர் கூறும் பாரசிட்டமால் கொடுக்கலாம்.

காஞ்சிபுரமும் தமிழ்நாட்டு நிலையும்

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரம், இச்சிகிச்சை ஒரு குடும்பத்திற்கு எவ்வாறு எட்டுகின்றது என்பதைப் புரிந்து கொள்ள ஏற்ற எடுத்துக்காட்டு ஆகும். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் தறி வீட்டிலேயே அமைந்துள்ளது. கூலி நாட்கணக்கில் அன்றி, நெய்து முடித்த சேலைக்குக் கணக்கிடப்படுகின்றது. கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் குழந்தையை அழைத்துக் கொண்டு மருத்துவமனைக்குச் சென்றால் மற்றவரின் வேலையும் நிற்கின்றது. மூன்று அமர்வுகள் தேவைப்படும் பல்பெக்டமி என்பது இக்குடும்பத்திற்கு மூன்று நாள் நெசவு ஆகும். ஒரே அமர்வில் பல்லைப் பிடுங்கி விடலாம் என்ற எண்ணம் எழுவது இதனாலேயே. சொத்தை சிறிதாக இருக்கும்போதே வந்தால் ஒரே அமர்வில் பல்லைக் காப்பாற்றவும் முடியும் என்பதை இக்குடும்பங்கள் அறிந்திருப்பது இன்றியமையாதது.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவை முதலில் அணுகலாம். உயர் சிகிச்சை தேவைப்படின் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கிய இக்கல்லூரியில் குழந்தைகள் பல் மருத்துவத்திற்குத் தனித்துறை உண்டு. 2019இல் செங்கற்பட்டு மாவட்டம் பிரிக்கப்படும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மேல்மருவத்தூர், காட்டாங்கொளத்தூர் ஆகிய ஊர்களில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கல்லூரி மருத்துவமனைகளில் பொதுவாகத் தனியார் மருத்துவகங்களை விடக் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை பெறலாம்.

2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலவாழ்வுத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் சென்று குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். சோதிக்கப்படும் குறைபாடுகளுள் பல் நோய்களும் அடங்கும். பள்ளியில் இருந்து பரிந்துரைச் சீட்டு வந்தால் பெற்றோர் அதனைத் தவற விடலாகாது.

ஒப்பீட்டிற்கு இலங்கையைக் குறிப்பிடலாம். பள்ளிச் சிறாரின் பற்களைக் கவனிப்பதற்கென்றே தனிப் பயிற்சி பெற்ற பணியாளர்களை நியூசிலாந்து 1921 முதல் உருவாக்கி வந்தது. அந்நாட்டின் உதவியுடன் இலங்கையின் மகரகமவில் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. அங்குப் பயின்ற பள்ளிப் பல் சிகிச்சையாளர்கள் பள்ளிகளை ஒட்டிய சிகிச்சை நிலையங்களில் பணிபுரிகின்றனர். குழந்தை மருத்துவரைத் தேடிச் செல்வதற்கு மாறாக, சிகிச்சை குழந்தையைத் தேடி வருவது இம்முறையின் பயன் ஆகும்.

தடுப்பு முறைகள்

* முதற்பல் முளைத்ததும் துலக்கத் தொடங்க வேண்டும். மூன்று வயது வரை அரிசி மணி அளவும், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவும் ஃபுளோரைடு கலந்த பற்பசை போதும்.
* ஏறத்தாழ ஏழு, எட்டு வயது வரை பெற்றோரே துலக்கி விடவோ, உடனிருந்து உதவவோ வேண்டும்.
* பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்க விடலாகாது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு குறைவதால் பாலின் சர்க்கரை பல்லில் தங்குகின்றது.
* திருவிழா நாளில் உணவோடு உண்ணும் சர்க்கரைப் பொங்கலை விட, வேலை நடக்கும் நேரத்தில் குழந்தையை அமைதிப்படுத்த அடிக்கடி கொடுக்கப்படும் மிட்டாயும் பிஸ்கட்டுமே பல்லுக்கு மிகுந்த கேடு செய்கின்றன.
* முதற் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நன்று.
* பற்கூழை எட்டாத சொத்தையை, வெள்ளி டையமின் ஃபுளோரைடு என்னும் திரவத்தைப் பூசி வளராமல் நிறுத்தலாம். சொத்தையுள்ள இடம் கறுத்து விடும் என்பது இதன் குறை. ஊசியும் துளையிடலும் தேவையற்ற இம்மருந்து, 2021இல் உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தருமபுரி, கிருட்டிணகிரி போன்று நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் வாழ்வோர், பற்பசையைத் தெரிவு செய்யும் முன் மருத்துவரின் அறிவுரையைப் பெறுவது நல்லது.

சிகிச்சை முடிந்த பல்லையும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதித்தல் வேண்டும். மீண்டும் ஈற்றில் கொப்புளம் தோன்றினாலோ, உரிய வயது கடந்தும் அப்பல் விழாமல் நிலைத்த பல் வேறிடத்தில் முளைத்தாலோ, அதனை நீக்க வேண்டியிருக்கும். உரிய காலம் வரை நின்று, உரிய காலத்தில் தானே விழுந்து, அடியில் இருந்த பல்லுக்கு நேராக வழி விடும் பாற்பல்லே இச்சிகிச்சையின் வெற்றிக்கு அளவுகோல் ஆகும்.

இவற்றையும் பார்க்க

* பாற்பல்
* பற்சொத்தை
* பற்கூழ்
* வேர் சிகிச்சை
* குழந்தைகள் பல் மருத்துவம்
* காஞ்சிபுரம்